நெடுவரிசைத் தலைப்புகளின் வரலாறு: சேம்பர்லின் கூற்றுக்கு ஒரு மறுப்பு

தரவுத்தள மொழி சாதாரணப் பயனருக்கு எப்படி எளிதாயிற்று என்ற கேள்விக்கு டொனால்ட் சேம்பர்லின் சொன்ன விடையே இன்றும் வழங்குகிறது. தொடர்புவழித் தரவுத்தள மாதிரியை முன்வைத்த எட்கர் காட் கையாண்ட கணிதக் குறியீடுகள் பயனரை மிரட்டின. விசைப்பலகையில் தட்டவும் தோதுப்படவில்லை. சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் முதலில் வடிவமைத்த ஸ்கொயர் மொழியிலும் கீழொட்டு எழுத்துகள் இருந்தன. 1974இல் வந்த சீக்வல், ‘செலக்ட்’, ‘ஃப்ரம்’, ‘வேர்’ என்ற ஆங்கிலச் சொற்களால் அந்தத் தடையை நீக்கியது. இதில் தகவல் பிழை எதுவுமில்லை. ஆனால் வினவலில் ஒரு பாதியை மட்டுமே இது விளக்குகிறது.

சீக்வல் கட்டுரையின் எடுத்துக்காட்டு ஒன்றைப் பார்ப்போம்: பொம்மைத் துறை ஊழியர்களின் பெயர்களைக் கேட்கும் வினவல். அதில் மொழிக்குரிய சொற்கள் மேற்சொன்ன மூன்றுதான். ‘நேம்’, ‘எம்ப்’, ‘டெப்ட்’ என்ற மற்ற மூன்றும் அட்டவணையை அமைத்தவர் வைத்த பெயர்கள். அதே அட்டவணையில் ‘சால்’ என்றொரு நெடுவரிசையும் உண்டு. அது மாதச் சம்பளமா ஆண்டுச் சம்பளமா? ஆங்கிலம் நன்றாக அறிந்தவருக்கும் தலைப்பு அதைச் சொல்லாது.

ஃபிலிஸ் ரைஸ்னர் ஸ்கொயர், சீக்வல் இரண்டையும் கல்லூரி மாணவர்களிடம் சோதித்தார். முடிவுகள் 1975இலும் 1977இலும் வெளிவந்தன. நிரல் எழுதிப் பழகாதவர்களுக்குச் சீக்வல் எளிதாக இருந்தது. சேம்பர்லின் தரப்புக்கு இது வலுவான சான்றுதான். ஆனால் அதே சோதனையின் பிழைப்பட்டியலும் இருக்கிறது. நெடுவரிசைப் பெயரைப் பன்மையாக்கி எழுதியது, வினாவில் வந்த சொல்லையே நெடுவரிசைப் பெயராக எழுதியது போன்றவை அதில் சிறுபிழைகள் என்ற வகையில் சேர்க்கப்பட்டன. இந்த வகைப்பாட்டை ஏற்க என்னால் முடியவில்லை. தாளில் விடை திருத்துபவருக்குச் சிறுபிழை. கணினிக்கோ அப்படியொரு நெடுவரிசையே கிடையாது. பயனர் இடறியது இலக்கணத்தில் மட்டுமல்ல, பெயர்களிலும்தான்.

இந்தச் சிக்கலைக் காட் முன்பே கண்டிருந்தார் என்பதே என் வாதம். அவரது 1970ஆம் ஆண்டுக் கட்டுரையில் உதிரிபாகங்களைப் பற்றிய ஒரு சிறு அட்டவணை வருகிறது. அதில் மூன்று நெடுவரிசைகள். முதல் இரண்டின் தலைப்பும் ‘பாகம்’, மூன்றாவது ‘அளவு’. முதல் வரிசை: 1, 5, 9. ஐந்தாம் பாகம் ஒன்றைச் செய்ய முதலாம் பாகம் ஒன்பது தேவை என்பது இதன் கருத்து. தலைப்புகளை மட்டும் பார்ப்பவர் இதைத் தலைகீழாகவும் படிக்கலாம். நெடுவரிசைகள் எந்த வரிசையில் நிற்கின்றன என்பதைப் பயனர் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை என்பதற்காக, ‘உட்பாகம்’, ‘மேற்பாகம்’ என்று பிரித்துக்காட்டும் பங்குப்பெயர்களைக் காட் முன்மொழிந்தார். குறியீடுகளால் மிரட்டியவர் என்று நினைக்கப்படும் அவரே தலைப்பின் போதாமைக்கு மருந்தும் தேடியிருக்கிறார்.

பிறகு ஏன் ‘எம்ப்’, ‘சால்’ போன்ற குறுக்கங்கள் நிலைத்தன? எண்பது இடங்களே கொண்ட துளையட்டையின் பழக்கம் காரணமாக இருக்கலாம். நேரடிச் சான்று இல்லாததால் இதை ஊகமாகவே வைக்கிறேன். எழுத்து வரம்புகள் பிற்காலத்திலும் குறுக்கங்களுக்கு இடம் தந்தன என்பது உறுதி. டிபேஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் புலப்பெயருக்கு, அதாவது நெடுவரிசைப் பெயருக்கு, பத்து எழுத்து; சீக்வலின் வழிவந்த எஸ்க்யூஎல் மொழியின் 1986ஆம் ஆண்டுத் தரநிலையில் பதினெட்டு.

1988இல் வந்த ஐபிஎம் ஏஎஸ்/400 கணினி வேறு வழியில் போனது. புலப்பெயருக்கு அங்கும் பத்து எழுத்துதான். ஆனால் அதே வரையறையில், திரையில் காட்டுவதற்கென்று இருபது எழுத்து வீதம் மூன்று வரித் தலைப்பையும், தனியே ஐம்பது எழுத்து விளக்கத்தையும் எழுதலாம். பயனர் பார்ப்பது தலைப்பை. நிரலர் கையாள்வது பெயரை. 1992இல் வெளியான மைக்ரோசாஃப்ட் ஆக்சஸும் புலத்துக்குத் தலைப்பு, விளக்கம் இரண்டையும் தனித்தனியாகத் தந்தது. உரிய கட்டத்தில் நின்றால் விளக்கம் கீழ்ப்பட்டையில் தெரியும்.

அதே 1992இல் திருத்தப்பட்ட எஸ்க்யூஎல் தரநிலை பெயரின் நீளத்தை 128 எழுத்தாக உயர்த்தியது. விளக்கம் எழுதும் கட்டளை எதையும் அது சேர்க்கவில்லை. ஆரக்கிள், டிபி2, போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள்கள் மூன்றிலும் உள்ள ‘கமென்ட் ஆன்’ கட்டளைக்குத் தரநிலையில் இன்றும் இடமில்லை. தரநிலைக் குழு இதை மறந்ததா, தன் வேலையல்ல என்று ஒதுக்கியதா என்பதைத் தரநிலையின் வாசகத்தைக் கொண்டு தீர்மானிக்க முடியாது. இரண்டாவதே நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்: எளிமை மொழியின் வினைச்சொற்களில் இருக்கிறது என்ற சேம்பர்லின் வாசிப்பை ஏற்றவர்களுக்கு விளக்கக் குறிப்பு வெளிவேலையாகத்தான் தோன்றியிருக்கும்.