மங்கள வார்த்தையில் இருக்கும் பெண் குரல்

திண்டுக்கல்லின் கத்தோலிக்க வீடுகளில் 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் தெரியாத பிள்ளைகளைப் பார்ப்பது அரிது. அக்டோபர் மாத ஜெபமாலையிலும், சாவு வீட்டிலும், பிரசவ அறைக்கு வெளியிலும் பெரும்பாலும் பெண்களே அதை முன்னின்று சொல்கிறார்கள். ஆனால் அதன் முக்கியமான ஒரு வாக்கியம், ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் சொன்னது என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை.

லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் இருக்கிறது அந்தச் சந்திப்பு. ஜெபத்தின் தொடக்கம் வானதூதரின் வாழ்த்து. அடுத்து வருவது எலிசபெத்தின் வாழ்த்து. மண ஒப்பந்தம் ஆகி, கணவனோடு கூடி வாழும் முன்பே கருவுற்ற இளம்பெண் மரியா, மலைநாட்டில் இருக்கும் உறவுக்காரியைத் தேடி விரைகிறாள். பிள்ளையில்லாதவள் என்று ஊர் பழித்த எலிசபெத் முதுமையில் கருவுற்று ஆறு மாதமாகிறது. அவள் கணவர் செக்கரியா குருத்துவ மரபினர், அப்போது பேச்சிழந்திருக்கிறார். குரு வாய் திறக்க முடியாத அந்த வீட்டில் இரண்டு பெண்கள் பேசுகிறார்கள். 'யார் பிள்ளை?' என்று எலிசபெத் கேட்கவில்லை. அவள் கேட்டது வாழ்த்தின் கேள்வி.

'பெண்களுக்குள் ஆசி பெற்றவள்' என்ற அந்த வாழ்த்து பழையது. நீதித்தலைவர்கள் நூலில் படைத்தலைவன் சீசராவைக் கூடார முளையால் கொன்ற யாவேலுக்கும், பிறகு ஒலோபெரினின் தலையை வெட்டித் தன் ஊரைக் காத்த யூதித்துக்கும் ஏறக்குறைய இதே புகழ்ச்சி கிடைத்தது. அந்த வரிசையில் ஆயுதமில்லாமல் வந்து நிற்கிறாள் மரியா. அவள் பதிலாகப் பாடியதும் தாலாட்டு அல்ல. வலியவர் அரியணை இழப்பதையும் பசித்தவர் நிறைவு பெறுவதையும் சொல்லும் பாட்டு. அந்தப் பாட்டின் புரட்சித் தன்மையைப் பற்றி 1933இல் ஜெர்மானிய இறையியலாளர் போன்ஹோபர் பிரசங்கமே செய்தார்.

பாவிகளுக்காக வேண்டும்படி கேட்கும் பின்பகுதி பல நூற்றாண்டுகள் கழித்துச் சேர்ந்தது. ஐந்தாம் பத்திநாதர் 1568இல் வெளியிட்ட கட்டளை ஜெபநூலில் இன்றைய வடிவம் நிலைபெற்றது.

தமிழில் இதன் பயணமும் நீண்டது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார் உள்ளூர்க்காரர்கள் உதவியோடு ஜெபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்வித்தார். 1554இல் லிஸ்பனில் தமிழ் ஜெபங்கள் ரோமன் எழுத்தில் அச்சாயின. 1578இல் கொல்லத்தில் அன்றிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்திலேயே வந்தது. நம் பாட்டிகள் 'பிரியதத்தம்', 'ஸ்திரீ' என்று சொல்லி வந்த மங்கள வார்த்தை ஜெபம், பிற்காலத்தில் 'அருள்', 'பெண்' என்று தமிழுக்கு நெருங்கியது. 150 சங்கீதங்களுக்கு ஈடாக 150 முறை சொல்லும் ஜெபமாலை, எழுத்தறியாதவர்களின் சங்கீதப் புத்தகமாகவே வளர்ந்தது. ஏட்டைத் தொட வாய்ப்பில்லாத பெண்கள் மணிகளை உருட்டி அதை மனத்தில் வைத்துக்கொண்டார்கள்.

சொல் நெருங்கியது. வாழ்க்கை நெருங்கியதா? இதே ஜெபத்தைச் சொல்லும் குடும்பங்களிலும் பிள்ளையில்லாத பெண்ணை வளைகாப்பில் பின்னால் நிற்க வைக்கிறார்கள். மணமாகாமல் கருவுற்ற பெண்ணுக்குக் கதவை அடைக்கிறார்கள். வலியவர் அரியணை இழப்பதைப் பாடும் திருச்சபையில்தான், சாதிக்கொரு கூடமாக வடக்கன்குளம் கோவில் கட்டப்பட்டது. குருத்துவம் இன்றும் பெண்களுக்குத் திறக்கவில்லை.

எலிசபெத்தின் வாழ்த்தை நாள்தோறும் ஐம்பது முறை சொல்லும் நம் வாய்க்கு ஒரு கடமை இருக்கிறது. ஊர் பழிக்கும் பெண் நம் வாசலுக்கு வரும்போது, முதலில் அந்த வாழ்த்தை அவளுக்குச் சொல்ல வேண்டும்.