சோனகத் தெருவிலிருந்து யாழ்ப்பாணத்தைப் பார்த்தல்

யாழ்ப்பாணம் மீண்டெழுகிறது என்று எழுதுவோர் முதலில் பொது நூலகத்தைக் காட்டுவார்கள். 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்த கட்டடம் இன்று வெள்ளை வெளேரென்று நிற்கிறது. பார்க்க மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு நகரத்தின் குணம் கட்டடத்தில் தெரியாது. அதை அறிய வண்ணார்பண்ணைப் பக்கம், சோனகத் தெருவுக்கு வரவேண்டும்.

அந்தக் குணத்துக்கு அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸ் நல்ல சாட்சி. 1911இல் இங்கே பிறந்தவர். குர்ஆன் மத்ரஸாவில் ஓதியவர், பின்னர் வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ் இந்துக் கல்லூரியிலும் படித்தார். 1935இல் இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் அவரே. 1948 முதல் 1961 வரை கொழும்பு ஸாஹிராவின் அதிபர். இதையெல்லாம் சொல்லிவிட்டு 'சகிப்புத்தன்மை' என்று மேடையில் பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை. பக்கத்தில் பள்ளிக்கூடம் இருந்தது, போய்ப் படித்தார்கள். அவ்வளவுதான்.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி அந்த அயல் அறுக்கப்பட்டது. விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேரம் கொடுத்தார்கள். கொண்டுபோக விட்ட பணம் சில நூறு ரூபாய். பெண்களின் நகைகளும் போயின. வடமாகாணம் முழுவதிலுமிருந்து விரட்டப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். பெரும்பாலானோர் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் ஒதுங்கினார்கள். 2002 ஏப்ரலில் கிளிநொச்சிப் பத்திரிகையாளர் மாநாட்டில் அன்ரன் பாலசிங்கம் வருத்தம் தெரிவித்தார். அதனால் ஒரு வீட்டுக்கும் கூரை வரவில்லை.

2009க்குப் பிறகு வந்தவர்கள் கண்டது கூரையும் நிலைக்கதவும் இல்லாத சுவர்களை, உள்ளே மரம் முளைத்த வீடுகளை. அதையாவது வெட்டித் துப்புரவாக்கலாம். தீராத சிக்கல் காணிதான். அன்று ஒரு குடும்பமாகப் போனவர்கள் மூன்று, நான்கு குடும்பங்களாகத் திரும்பினார்கள்; இரண்டு பரப்புக்கும் குறைந்த வளவை எத்தனையாகப் பிரிப்பது? வீட்டுத்திட்டத்துக்குப் போனால் உறுதி எங்கே என்று கேட்கிறார்கள். "பதிஞ்சுபோட்டுத் திரும்பப் புத்தளம் போறாங்கள்" என்று குறைசொல்லும் அதிகாரிகள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. படுக்க இடமில்லாதவன் போகத்தானே செய்வான்?

எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் காக்கா ஒருவர் சொன்னார்: "புத்தளத்துல இருபது வருசம் இருந்தன் சேர். வாயத் திறந்தா யாழ்ப்பாணத்தான் எண்டாங்க. இஞ்ச வந்தா புத்தளத்தான் எண்டுறாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். அவருடைய வாடிக்கையாளர்களில் பாதிக்கு மேல் தமிழர்கள். பெருநாளுக்கும் தீபாவளிக்கும் ஒரே மெஷினில் தைக்கிறார்.

என்னுடைய நம்பிக்கை இப்படியான இடங்களில்தான் இருக்கிறது. பள்ளிவாசல்களில் பாங்கு கேட்கிறது. ஒஸ்மானியாவிலும் கதீஜாவிலும் மணி அடிக்கிறது. இரும்புக் கடைகள் திறந்திருக்கின்றன. மீள்குடியேற்றப் பட்டியலில் எத்தனை பெயர் என்பதை நான் பெரிதாக எடுப்பதில்லை. ஜனவரியில் முதலாம் தரத்துக்கு எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், டிசம்பரில் அதே இடாப்பில் எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்றுதான் பார்ப்பேன்.