ஒப்பாரியும் ப்ளூஸும்

ஒப்பாரியை 'நம்முடைய ப்ளூஸ்' என்று சொல்லிவிடுவது சுலபம். இரண்டும் துக்கத்தின் பாட்டு. இரண்டும் பிறர் நிலத்தில் உழைத்தவர்களிடம் வளர்ந்தவை. ஆனால் வரலாறு இந்த ஒப்புமையை அவ்வளவு லேசாக அனுமதிப்பதில்லை.

ப்ளூஸ் அடிமைக்காலத்துப் பாட்டல்ல. 1865ல் அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்தபின், வாரத்திலும் கடனிலும் மறுபடி கட்டுண்ட கறுப்பர்களின் பாட்டு. வயலில் தனியாள் எழுப்பிய கூவல், கூட்டு வேலைப்பாட்டு, தேவாலயப் பாட்டு இவற்றிலிருந்து மிஸிஸிப்பிச் சமவெளியில் அது உருவாயிற்று. 1903 வாக்கில் டட்வைலர் ரயில் நிலையத்தில், கிதார்த் தந்திமேல் கத்தியை அழுத்தி ஒருவன் பாடக் கேட்டதாக டபிள்யூ. ஸி. ஹாண்டி பின்னால் எழுதினார். 'நான்' என்று பாட அந்தத் தனியனுக்குச் சாவுவீடு தேவைப்படவில்லை. 1920ல் மேமி ஸ்மித்தின் இசைத்தட்டு அந்த 'நானை'ச் சந்தைக்கும் கொண்டுபோயிற்று.

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துப் படியாளுக்குக் கிடைத்ததும் இதே மாதிரி விடுதலைதான். 1843ம் ஆண்டுச் சட்டம் அடிமைமுறைக்குச் சட்டத்தின் ஆதரவை மறுத்தது. கடன் அவனைப் பண்ணையிலேயே நிறுத்திக்கொண்டது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வர 1976 ஆயிற்று. ஆனால் இங்கே 'நான்' வெளிப்பட்ட இடம் வேறு. தென்னார்க்காட்டுக் கிராமங்களில் ஒப்பாரியை ஆராய்ந்த இஸபெல் க்ளார்க்-தெஸே 2005ல் வெளியிட்ட நூலின் தலைப்பே, செத்தவருக்காக யாரும் அழுவதில்லை என்பதுதான். கட்டிக்கொண்டு அழும் பெண் ஒப்புச் சொல்வது தன் பாட்டை: தாய்வீடு போனதை, புகுந்த வீட்டில் பட்டதை. சாவு அவளுக்குக் கிடைக்கும் அனுமதி. பிணம் எடுத்தால் அதுவும் முடிந்தது.

வேற்றுமை கூர்மையாவது பறையில். 1739ல் ஸ்டோனோ கலகக்காரர்கள் முரசடித்துச் சென்றார்கள். மறு வருஷமே தென் கரோலினாச் சட்டம் அடிமைகளிடமிருந்து முரசைப் பறித்தது. அவர்கள் தாளத்தைக் குரலிலும் கையிலும் காலிலும் காத்தார்கள். இங்கே பறை பறிக்கப்படவில்லை. சாதிக் கடமையாகச் சுமத்தப்பட்டது. யார் வீட்டுச் சாவானாலும் அடித்தாக வேண்டும். அடிப்பவன் துக்கத்தை யாரும் கேட்பதில்லை. ஆகவே சாவுக்கு அடிக்க மறுத்துப் பறையைக் கீழே வைத்ததே தலித் இளைஞனின் முதல் 'நான்'. அதே பறையை அவன் தன் மேடையில் மீண்டும் எடுத்தது அதற்கப்புறம்தான்.

புதுச்சேரிப் பக்கத்துக் கூலிப்பெண்ணும் பாடகியுமான வீரம்மா, ஜோஸியான் ரஸீனிடம் சொன்ன தன் கதை 1995ல் புத்தகமாயிற்று. சாவுவீட்டுக்கு வெளியே அவளுடைய 'நான்' முதலில் அச்சேறியது பிரெஞ்சில். ப்ளூஸோடு ஒப்பிடுமுன் நாம் யோசிக்க வேண்டியது இதைத்தான்.