தோற்ற அணியின் பெயர்

சென்ற மாதம் அஸர் தொழுகை முடிந்து திரும்பும் வழியில், கிழக்குத் தாம்பரத்து மைதானம் ஒன்றில் கல்லூரி மாணவர்கள் ஆடிய கால்பந்தாட்டத்தைச் சற்று நின்று பார்த்தேன். தோற்ற அணியினர் காலணிகளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, எவர் முகத்தையும் பாராமல் வெளியேறினர். அப்போது 1911ஆம் ஆண்டின் கல்கத்தா என் நினைவுக்கு வந்தது.

அக்காலத்தில் கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரத்திற்கு வந்திருக்கவில்லை; சென்னை ஜார்ஜ் டவுனில்தான் இயங்கியது. கால்பந்தின் தலைநகரமோ கல்கத்தா. அங்கே 1893 முதல் நடந்துவந்த ஐ.எஃப்.ஏ. கேடயத்தை அதுவரை எந்த இந்திய அணியும் வென்றதில்லை. 1911 ஜூலையில் மோகன் பகான் அணி முதல் சுற்றில் சந்தித்தது புனித சவேரியார் கல்லூரியை. கல்லூரி அணி 0-3 எனத் தோற்றது. ஒரே ஆட்டத்தோடு அவ்வாண்டின் கேடயக் கனவு முடிந்துவிட்டது.

மோகன் பகானோ ரேஞ்சர்ஸ், ரைஃபிள் பிரிகேட், மிடில்செக்ஸ் ஆகிய அணிகளை அடுத்தடுத்து வீழ்த்தி, ஜூலை 29 அன்று கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என வென்றது. வென்றவர்களில் ஒருவரைத் தவிர அனைவரும் வெறுங்காலில் ஆடியவர்கள்!

அம்மாணவர்கள் அன்று வென்றிருந்தால், முதல் சுற்று வெற்றி ஒன்றை இன்று யார் நினைவில் வைத்திருப்பார்கள்? அவர்களுடைய கல்லூரியின் பெயர் அந்த வரலாற்றில் நிலைத்தது தோல்வியினால்தான்.

இன்னொன்றையும் நம் குடும்பங்கள் அறிய வேண்டும். 1905இல் நிகழ்ந்த வங்கப் பிரிவினை, இந்துக்களையும் முஸ்லிம்களையும் அரசியலில் எதிரெதிரே நிறுத்தியிருந்த காலம் அது. அப்படியிருந்தும், இந்துச் சகோதரர்களின் இவ்வெற்றியில் முஸ்லிம் கழகத்தினர் தரையில் புரண்டு மகிழ்ந்தனர் என்று கல்கத்தாவின் 'தி முஸல்மான்' இதழ் எழுதியது. வேறொருவர் பெற்ற வெற்றிக்காக அவ்வாறு மகிழ்வது எளிதன்று.

பின்னாளில் முஸ்லிம் அணிகளுக்கும் காலம் கனிந்தது. முகமதன் ஸ்போர்ட்டிங் 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் கல்கத்தா லீக்கை வென்றது. அத்தகைய அணியையே 1937இல், கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரத்தில் குடியேறிய அதே ஆண்டில், பம்பாயில் நடந்த ரோவர்ஸ் கோப்பை இறுதி ஆட்டத்தில் பெங்களூர் முஸ்லிம்ஸ் 1-0 என வீழ்த்தியது. அக்கோப்பையை வென்ற முதல் இந்திய அணி நம் தென்னாட்டு அணியே.

தோற்றவர்கள் மூன்றாண்டுகள் காத்திருந்தனர். 1940இல் அதே கோப்பையின் இறுதி ஆட்டத்தில் அதே பெங்களூர் அணியை அதே 1-0 கணக்கில் வென்றனர். அவ்வாண்டு டிசம்பரில் தில்லியில் டூரண்ட் கோப்பையும் அவர்களுக்கே கிடைத்தது.