வலியை அளத்தல்: புற்றுநோய் சிகிச்சை பெறும் குழந்தைகளின் வாய் அழற்சி

கீமோதெரபி மருந்துகள் விரைந்து பெருகும் செல்களைத் தாக்குவதால், ஓரிரு வாரங்களில் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் வாயின் உட்சவ்வும் அவற்றுக்கு இலக்காகிறது. உயர் அளவு மெத்தோட்ரெக்ஸேட், டாக்ஸோரூபிசின் போன்றவை செலுத்தப்பட்டு ஏறத்தாழ ஒரு வாரத்தில் அச்சவ்வு சிவந்து, உரிந்து, புண்ணாகும் நிலையே வாய்ச்சளிச்சவ்வு அழற்சி எனப்படுகிறது. எந்த மருந்தால் வாய் கொப்பளிப்பது என்பதே இங்குப் பெரும்பாலும் முதலில் எழும் கேள்வி. குழந்தையின் வலியை யார், எப்படி அளக்கிறார்கள் என்பதே முதற்கேள்வியாக வேண்டும்.

கொப்பளிப்பு மருந்தின்மீது வைக்கும் நம்பிக்கை, புண் மேற்பரப்பில் தொடங்குகிறது என்ற எண்ணத்தில் பிறந்தது. ஸ்டீபன் சோனிஸ் 2004இல் விரித்துரைத்த ஐந்து கட்ட விளக்கத்தின்படி, சவ்வின் அடித்திசுவில் சேதம் முன்கூட்டியே தொடங்கி, அழற்சியைத் தூண்டும் புரதங்களால் பெருகிய பிறகே, நான்காம் கட்டமாகப் புண் வெளிப்படுகிறது. ஆகவே கிருமிநாசினியான குளோர்ஹெக்சிடின் இதற்குத் தடுப்பு மருந்தாக நிலைபெறாததில் வியப்பில்லை. மென்மையான பிரஷும், உப்பும் சமையல் சோடாவும் கலந்த நீரும் வாயைத் தூய்மையாக வைக்கும். அதற்கு மேல் அவற்றிடம் எதிர்பார்ப்பது வீண். குறுகிய நேரத்தில் ஏற்றப்பட்டு ரத்தத்திலிருந்து விரைவில் அகலும் மெல்ஃபலானின்போது, ஒத்துழைக்கும் வயதுள்ள குழந்தை ஐஸ் துண்டுகளை வாயில் அடக்கிக்கொண்டால், ரத்தக் குழாய்கள் சுருங்கிச் சவ்வை அடையும் மருந்தின் அளவு குறைகிறது. 24 மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறங்கும் மெத்தோட்ரெக்ஸேட்டுக்கு இவ்வழி பயன்படாது. அங்கே ரத்தத்தில் மருந்தின் அளவைத் தொடர்ந்து சோதித்து, லியூகோவோரின் என்னும் மீட்பு மருந்தை உரிய நேரத்தில் கொடுப்பதே காப்பு.

உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல் 0 முதல் 4 வரை செல்கிறது: 3 என்றால் நீராகாரம் மட்டுமே இயலும், 4 என்றால் வாய்வழி எதுவும் இயலாது. ஆனால் மூன்று வயதுக் குழந்தை "விழுங்க முடியவில்லை" என்று சொல்லாது. எச்சிலை வழியவிடும், கரண்டியைக் கண்டதும் முகத்தைத் திருப்பும், டார்ச்சுடன் மருத்துவர் நெருங்கினால் உதட்டை இறுக மூடிக்கொள்ளும். குழந்தைகளுக்கெனவே உருவாக்கப்பட்ட சைம்ஸ் அளவுகோல், வலி, விழுங்கல், உண்ணல், குடித்தல் ஆகியவற்றை முகப்படங்களின் துணையோடு குழந்தையிடமே கேட்பதும், சிறியவர்களுக்காகப் பெற்றோரிடம் கேட்பதும் இதனால்தான். இரவெல்லாம் விழித்திருந்த தாயின் சொல்லே இங்குச் சான்று. அதைக் குறிப்பேட்டில் பதியாமல் விடுவது சிகிச்சையின் குறையேயாகும்.

அளந்த வலிக்கு மருந்து வேண்டும். மரப்புத் தரும் லிக்னோகெயின் ஜெல்லைச் சிறு குழந்தை விழுங்கிவிட்டால் புரையேறவும் வலிப்பு வரவும் கூடும். ஐபுப்ரோஃபென் போன்றவை, ரத்தத் தட்டணுக்கள் குறைந்திருக்கும் வேளையில் ரத்தக்கசிவை மிகுவிக்கும். எனவே கடும் வலிக்கு, உடல் எடைக்கேற்ற அளவில், வலி எழும்வரை காத்திராமல் நேரம் தவறாது கொடுக்கப்படும் மார்பினே உற்ற மருந்து. இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் அம்மருந்தை மருத்துவமனைகளுக்கே அரிதாக்கியது. 2014இல் வந்த திருத்தம் உரிம நடைமுறையை எளிதாக்கியும், குழந்தை அடிமையாகிவிடும் என்ற அச்சம் இன்னும் நீங்கவில்லை. கண்காணிப்போடு சில நாட்கள் கொடுத்து, புண் ஆற ஆறப் படிப்படியாகக் குறைக்கப்படும் மருந்தைக் குறித்து அவ்வாறு அஞ்சுவது, குழந்தையைக் காரணமின்றி வதைப்பதாகும்.

வலி அடங்கினால்தான் வாயைத் துடைக்கவும் நீர் புகட்டவும் குழந்தை இடங்கொடுக்கும். வெள்ளணுக்கள் சரிந்திருக்கும் நாட்களில் வாயிலுள்ள ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகள் புண் வழியே ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகக்கூடும் என்பதால், காய்ச்சலை மறைக்கவல்ல பாராசிட்டமாலைக் கொடுக்குமுன் ஒவ்வொரு முறையும் உடல் வெப்பத்தை அளப்பதும், காய்ச்சல் தென்பட்டால் தாமதமின்றி ஆன்டிபயாட்டிக் தொடங்குவதும் கட்டாயமாகின்றன.