உயிர் காத்த எளியோர்

நாம் குடியேறி வாழும் சாங்வி, ஈராற்று இடைப்பட்ட ஊர். ஒருபுறம் பவனா, மறுபுறம் முளா. தாபோடி அருகே இரண்டும் கலந்து, புனே நகருட் சென்று முத்தாவுடன் கூடுகின்றன. காவிரியையும் பொருநையையும் விட்டு வந்த நமக்கு இவ்வாறுகளின் கரையே இன்று ஊராகவும் உறவாகவும் அமைந்துவிட்டது.

ஆற்றங்கரையில் ஒருவன் கால் தவறி விழுகின்றான் என்று வைத்துக்கொள்வோம். அவனை முதலில் காண்பவர் யார்? மருத்துவரா? காவலரா? அல்லர். துணி துவைத்துக்கொண்டிருந்தவளோ, மாடு மேய்த்துக்கொண்டிருந்தவனோ, வேலைக்கு விரைந்துகொண்டிருந்த தொழிலாளியோதான் காண்பர். வீட்டிலே ஒரு பெரியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாலும் அவ்வாறே. மருமகளோ, பேரனோ, எதிர்வீட்டுக்காரரோதான் அருகில் இருப்பர். மருத்துவர் வந்து சேரும் வரையில் உள்ள அந்தச் சில மணித்துளிகள் இவர்களுடைய கையில் இருக்கின்றன. இதயம் நின்றபின் மூளை தாங்குவது நான்கைந்து நிமிடங்களே என்கிறது மருத்துவ நூல். ஆகவே, பல சமயங்களில் ஓர் உயிர் நிலைப்பதும் நீங்குவதும் அருகில் நின்றவர் என்ன செய்தார் என்பதைப் பொறுத்தே முடிவாகின்றன.

எனினும், அருகில் நின்றவருடைய கை நெடுங்காலம் கட்டுண்டே கிடந்தது. தீண்டினால் தீங்கு வருமோ என்ற அச்சம் ஒன்று. என்ன செய்வது என்று அறியாமை ஒன்று. உதவப் போய் வழக்கில் சிக்குவோமோ என்ற கலக்கம் ஒன்று. இம்மூன்று கட்டுகளும் ஒவ்வொன்றாக அவிழ்ந்த வரலாறே ஈண்டுச் சொல்லப்படுவது. அவ்வரலாற்றில் நம் புனே நகருக்கும் சிறந்ததோர் இடம் உண்டு.

ஆற்றோர நகரங்களில் தொடக்கம்

கால்வாய்கள் நிறைந்த ஆம்ஸ்டர்டாம் நகரில் நீரில் மூழ்கி இறப்போர் பலர். அந்நகர மக்கள் 1767ஆம் ஆண்டில், மூழ்கியவரை மீட்பதற்கென்றே ஒரு கழகம் நிறுவினர். 1774இல் வில்லியம் ஹாஸ், தாமஸ் கோகன் என்னும் இரு மருத்துவர்கள் லண்டனில் அத்தகைய சங்கம் ஒன்றைத் தோற்றுவித்தனர். மூழ்கியவரை மீட்க முயன்றவருக்கு அச்சங்கம் பரிசளித்தது. அது மட்டுமன்று, கரையேற்றிய உடலைத் தம் வீட்டுக்குள் கொண்டுவர இசைந்தவருக்கும் பரிசளித்தது. அதன் பொருள் யாது? பிணமோ உயிரோ என்று தெரியாத ஓர் உடலை வீட்டுக்குள் ஏற்க அக்கால மக்களும் அஞ்சினர் என்பதன்றோ! பணம் கொடுத்தேனும் அவ்வச்சத்தைப் போக்க வேண்டியிருந்தது.

அவர்கள் கையாண்ட முறைகளுள் உடலைச் சூடாக்குதலும் வாயோடு வாய் வைத்து மூச்சூட்டுதலும் நல்லவை. புகையிலைப் புகையைக் குடலுக்குள் செலுத்துதல் என்னும் வேடிக்கையான முறையும் ஒன்றிருந்தது. முறைகளுட் சில பொய்த்துப்போயினும் கொள்கை பொய்க்கவில்லை. உயிர் காத்தல் மருத்துவருக்கு மட்டும் உரிய தொழிலன்று, குடிமக்கள் அனைவருக்கும் உரிய கடமை என்பதே அக்கொள்கை.

முதுகில் சுமந்த மூதாட்டி

இனி நம் புனேக்கு வருவோம். 1896இல் பம்பாயில் தோன்றிய பிளேக் நோய் விரைவிலேயே இந்நகரையும் பற்றிக்கொண்டது. நோயுற்றவரைக் கண்டால் சுற்றத்தாரும் விலகி ஓடிய காலம் அது. ஊர்ப்புறத்துச் சேரிகளில் வாழ்ந்த தாழ்த்தப்பட்டோர் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ! அவர்களை நோயற்ற நாளிலேயே தீண்டாத சமுதாயம், நோயுற்ற நாளிலா தீண்டும்?

அந்நாளில் சாவித்திரிபாய் பூலே அறுபத்தாறு வயது மூதாட்டி. 1848இல் இந்நகரில் பெண்களுக்குப் பள்ளி திறந்த தம் கணவர் ஜோதிராவுடன் தோளோடு தோள் நின்று, ஆசிரியையாகப் பணியாற்றியவர். கணவரை இழந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அவர் மருத்துவம் பயின்றவர் அல்லர். அவருடைய வளர்ப்பு மகன் யஷ்வந்த் மருத்துவர். தாயும் மகனுமாக ஹடப்சர்ப் பக்கத்தில் நோயாளிகளுக்கென ஒரு சிகிச்சை நிலையம் நடத்தினர். முண்ட்வா ஊர்ப்புறச் சேரியில் ஒரு சிறுவன் பிளேக்கால் வீழ்ந்து கிடக்கின்றான் என்று கேள்வியுற்ற அம்மையார் அங்கே விரைந்தார். சிறுவனைத் தம் முதுகிலே சுமந்து வந்து மகனிடம் சேர்த்தார்.

சிறுவன் பிழைத்தான். அம்மையாரை நோய் பற்றியது. 1897ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10ஆம் நாள் அவர் உயிர் நீத்தார்.

இந்நிகழ்ச்சியில் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. அம்மையார் அன்று செய்தது மருத்துவம் அன்று. சுமந்து செல்லுதல் ஒன்றே. முதுகு உள்ளவர் எவரும் செய்யக்கூடிய செயல். ஆனால் அன்று வேறு எவரும் செய்ய முன்வராத செயல். தீண்டினால் தீங்கு வரும் என்ற முதற்கட்டை, வரும் என்று அறிந்தே அவிழ்த்தவர் அவர். இன்று புனேப் பல்கலைக்கழகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அதன் வாயிலைக் கடந்து நம்முள் எத்தனையோ பேர் நாள்தோறும் வேலைக்குச் செல்கின்றோம். பெயரைப் படிக்கும்போது அந்த முதுகையும் நினைத்தல் தகும்.

கைகளுக்கு வந்த அறிவு

அன்பிருந்தும் அறிவில்லாதவிடத்துக் கை என்ன செய்யும்? இதயம் நின்றவரை மீட்க வேண்டுமாயின் மார்பைக் கீறித் திறந்து இதயத்தைக் கையால் பிசைதலே வழி என்று 1950களிலும் மருத்துவர் கருதினர். அது தெருவில் நிற்பவரால் ஆகக்கூடியதா?

வழி கண்டவர் ஒரு மின்பொறியாளர் என்பது வியப்பு. அமெரிக்காவில் மின்கம்பித் தொழிலாளர் பலர் மின்சாரம் தாக்கி இறந்தனர். அதன்பொருட்டு மின் நிறுவனங்கள் ஆராய்ச்சிக்குப் பொருளுதவி செய்தன. அவ்வாராய்ச்சியில் ஈடுபட்டவருள் ஒருவர் வில்லியம் கூவன்ஹோவன். பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளியில் அவரும் கை நிக்கர்பாக்கர், ஜேம்ஸ் ஜூட் ஆகிய இருவரும் ஆராய்ந்துவந்தனர். ஒருநாள் நாயின் மார்பின்மேல் மின்தகட்டை அழுத்தியபோது, அந்த அழுத்தத்தினாலேயே அதன் குருதியழுத்தம் உயர்வதை நிக்கர்பாக்கர் கவனித்தார். மார்பைத் திறக்க வேண்டுவதில்லை. மேலிருந்து அழுத்தினாலே குருதி ஓடும்! 1960 ஜூலைத் திங்களில் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில், இருபது நோயாளிகளுள் பதினால்வர் பிழைத்த செய்தி இருந்தது. மூச்சூட்டும் முறையைப் பீட்டர் சாஃபர் முதலியோர் அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே செம்மைப்படுத்தியிருந்தனர். நார்வே நாட்டுப் பொம்மை வணிகர் ஆஸ்மண்ட் லேர்டால் பயிற்சிக்கென ஒரு பொம்மையும் செய்து தந்தார். இதனால், இரண்டு கைகள் உடைய எவரும் கற்கத்தக்க கலையாயிற்று அது.

நம் நாட்டில் நிகழ்ந்த அறிவுப் புரட்சி வேறொன்று. 1971இல் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகள் இலட்சக்கணக்கில் வந்து குவிந்தனர். எல்லையோரத்துப் பன்காவ் ஊர் முகாமில் காலரா பரவிற்று. நரம்பு வழியே ஏற்றும் உப்புநீர் தீர்ந்துகொண்டே வந்தது. ஏற்றத் தெரிந்த ஆட்களும் சிலரே. மருத்துவர் திலீப் மகாலனபிஸ் துணிந்து ஒன்று செய்தார். குளுக்கோசு, சமையலுப்பு, சோடா உப்பு ஆகியவற்றை அளவாகக் கலந்து நீரிற் கரைத்துக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். கொடுத்தவர் யார்? நோயாளியின் தாய், தந்தை, உடன்பிறந்தார். அவர்கள் தட்டும் டம்ளருமாக அருகிலமர்ந்து ஊட்டினர். நூற்றுக்கு முப்பதாக இருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கிற்று. நூலறிவில்லாத தாய்மாரின் கையே அன்று மருத்துவமனையாக இருந்தது. 2022இல் மறைந்த அம்மருத்துவருக்கு 2023இல் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பெற்றது. அந்த உப்புச் சர்க்கரைப் பொட்டலம் இன்று நம் வீட்டு அலமாரிகளிலும் இருக்கின்றது, இருத்தல் வேண்டும்.

ஓர் இரவின் விலை

இடையே 1961ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இந்நகர் கண்ட பேரிடரையும் மறத்தலாகாது. கட்டி முடியாதிருந்த பான்ஷெட் மண்ணணை, மழைவெள்ளம் நிரம்பித் தாழத் தொடங்கிற்று. படைவீரர்கள் வரவழைக்கப்பட்டனர். மணல் மூட்டைகளைத் தோளிற் சுமந்து, தாழ்ந்த அணையின்மேல் அடுக்கினர். எக்கணமும் சரியக்கூடிய கரையின்மீது நின்று இரவெல்லாம் உழைத்தனர். 12ஆம் நாள் காலையில் அணை உடைந்தது. அன்றே கடக்வாஸ்லா அணையும் உடைந்தது. ஆற்றோரப் பேட்டைகள் நீருள் மூழ்கின. உயிர்ச்சேதமும் பொருட்சேதமும் பெரிது.

ஆயினும், அணை நள்ளிரவில் உடைந்திருந்தால்? உறங்கிக் கிடந்த நகரம் உறக்கத்திலேயே அழிந்திருக்கும். அணையைக் காக்க அவர்களால் இயலவில்லை. ஆனால் சில மணி நேரத்தை ஈட்டித் தந்தனர். விடிந்தபின் வந்த வெள்ளத்தைக் கண்டு, மக்கள் மேட்டுநிலம் ஏறினர். உயிர் காத்தல் என்பது பல வேளைகளில் இதுவே: முழு வெற்றி அன்று; அடுத்த உதவி வரும் வரையில் நேரத்தை ஈட்டுதல். மார்பை அழுத்துபவன் செய்வதும் மணல் மூட்டை அடுக்குவதே அன்றோ!

சட்டம் அவிழ்த்த கட்டு

மூன்றாவது கட்டு வழக்கச்சம். சாலையில் அடிபட்டவரைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். தொட ஒருவரும் முன்வாரார். கல்நெஞ்சர் என்று அவர்களைப் பழித்துப் பயனில்லை. காவல் நிலையமும் நீதிமன்றமும் அலைய நேருமே என்ற அச்சமே பலரைத் தடுத்தது. காவல்துறை நடைமுறை முடியட்டும் என்று மருத்துவமனைகளும் அடிபட்டவரைத் திருப்பியனுப்பியதுண்டு. பரமானந்த கட்டாரா தொடுத்த வழக்கில் 1989இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்தது: உயிரைக் காத்தலே முதற்கடமை, நடைமுறைகள் பின்னரே.

உதவுவோருக்கும் காப்பு வேண்டும் என்று சேவ்லைஃப் அறக்கட்டளை 2012இல் உச்ச நீதிமன்றத்தை அணுகிற்று. அதன் நிறுவனர் பியூஷ் திவாரி, சாலை விபத்தில் உதவி கிடையாது மாண்ட ஓர் இளைஞனின் உறவினர். 2016 மார்ச்சு 30இல் நீதிமன்றம் நெறிமுறைகளுக்குச் சட்ட வலிமை தந்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்னும் பிரிவும் சேர்ந்தது. இதன்படி, அடிபட்டவருக்கு நல்லெண்ணத்துடன் உதவுபவர் மீது வழக்கில்லை. தம் பெயரைச் சொல்லுமாறு அவரை வற்புறுத்தலாகாது. மருத்துவமனை அவரைத் தடுத்து நிறுத்தவோ, பணம் கட்டச் சொல்லவோ கூடாது. தாமே விரும்பினாலன்றிச் சாட்சியாகவும் வேண்டுவதில்லை.

நம் பங்கு

தமிழ்நாட்டில் 108 ஊர்தி 2008 செப்டம்பர் 15இல் தொடங்கிற்று. மராட்டியத்தில் 2014இல் வந்தது. சாங்வி பாட்டா அருகிலேயே மாவட்ட மருத்துவமனை உள்ளது. தீண்டாமை அச்சம் தளர்ந்தது, அறிவு எளிதாயிற்று, சட்டமும் துணை நிற்கின்றது. இனியும் கை நீளவில்லையாயின் குறை எவருடையது?

புலம்பெயர்ந்த நமக்கு இன்னும் ஒரு கட்டு உண்டு; அது மொழி. பகலில் மகனும் மருமகளும் வேலைக்குச் சென்றபின், ஊரிலிருந்து வந்த தாய் தந்தையர் தனித்திருக்கின்றனர். அவர்களுக்கு மராத்தியும் தெரியாது, இந்தியும் தெரியாது. 108ஐ அழைத்தாலும் வீடு எங்கே என்று எவ்வாறு கூறுவர்? ஆகவே, வீட்டு முகவரியையும் அருகிலுள்ள அடையாளத்தையும், சொல்ல வேண்டிய ஓரிரு வாக்கியங்களையும் மராத்தியில் எழுதி, தமிழ் எழுத்தில் அதன் ஒலியையும் எழுதிக் கதவருகே ஒட்டுதல் நலம். எதிர்வீட்டு மராட்டியக் குடும்பத்தாரோடு பழகி வைத்தல் அதனினும் நலம். இடர் வரும் நாளில் முதலில் ஓடி வருபவர் அவர்களே. அவர்கள் வீட்டு இடருக்கு ஓட வேண்டியவர் நாமே.

கற்க வேண்டியதும் மிகுதியன்று. பெரியவர் ஒருவர் உணர்விழந்து, இயல்பாக மூச்சு விடாதிருந்தால், 108ஐ அழைக்க ஒருவரை ஏவுக. அவரை மல்லாத்தி, மார்பின் நடுவே ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, மறுகையை அதன்மேல் வைத்து, முழங்கை மடங்காது ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் ஆழம் அழுத்துக. நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது முறை. உதவி வரும் வரையில் நிறுத்தற்க. நீரில் மூழ்கியவருக்கும் குழந்தைகளுக்கும் மூச்சூட்டுதலும் வேண்டுமாதலின், முறையான பயிற்சி இன்றியமையாதது. ஆண்டு விழாவில் ஆடலும் பாடலும் இருக்கட்டும். அவற்றினிடையே ஒரு மணி நேரம், தக்கோரை அழைத்து, பொம்மையொன்றின்மேல் நாம் எல்லோரும், பாட்டி முதல் பள்ளிப்பிள்ளை வரையில், கை பழகுதல் கூடாதா?

சாவித்திரிபாய் அம்மையார் சுமந்தது ஒரு சிறுவனை. பன்காவ் தாய்மார் ஊட்டியது ஒரு டம்ளர் நீரை. படைவீரர் அடுக்கியது ஒரு மணல் மூட்டையை. இவற்றுள் எதுவும் நம் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதன்று. நம் குடியிருப்பில் என்றேனும் ஒரு நாள், ஏதேனும் ஒரு வீட்டுக் கதவுக்குப் பின்னிருந்து ஓர் அலறல் கேட்கும். அன்று அருகில் நிற்கப்போகின்றவர் நீங்களாகவும் இருக்கலாம், நானாகவும் இருக்கலாம். அந்நாளுக்கு நம் கைகள் இன்றே பழகியிருக்கட்டும்.