ஸுலாமா: விரலெலும்பு கேட்கும் தருமம்

மக்கிப்போன எலும்புகள் மீண்டும் ஒன்றுகூடுமா என்று ஐயுற்றோருக்குத் திருமறையின் ‘அல்கியாமா’ அத்தியாயம் விடை பகர்கிறது. எலும்புகளை மட்டுமன்று, மனிதனின் விரல் நுனிகளையும் செவ்வையாக்க வல்லவன் இறைவன் என்பது அதன் கருத்து. பேருறுப்புகள் பல இருக்க, விரல் நுனி அங்கே சுட்டப்பெறுவது சிந்தனைக்குரியது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், கதிரவன் உதிக்கும் ஒவ்வொரு நாளும் மனிதனின் ஒவ்வொரு ‘ஸுலாமா’வின் மீதும் தருமம் கடமையாகிறது என்று அறிவுறுத்தினார்கள். இச்சொல்லை ‘மூட்டு’ என்று பெயர்த்துவிட்டு நாம் கடந்துவிடுகிறோம். அரபுச் சொல்லறிஞர்களோ, கை கால் விரல்களின் சிற்றெலும்புகளே இதன் முதற்பொருள் என்றும், பின்னரே உடலின் எல்லா எலும்புகளுக்கும் மூட்டுகளுக்கும் ஆகிவந்தது என்றும் விளக்குகின்றனர். இன்றும் அரபு மருத்துவ நூல்களில் விரலெலும்புகளுக்குப் பெயர் ‘ஸுலாமயாத்’ என்பதே.

அச்சிற்றெலும்புகள் எத்தனை? ஒரு கையில் மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14, ஆக 27. ஒரு பாதத்தில் 26. இரு கைகளுக்கும் இரு பாதங்களுக்குமாக 106. வளர்ந்த மனிதனின் உடலெலும்புகள் 206 எனில், பாதிக்கு மேற்பட்டவை இந்நான்கு சிற்றிடங்களிலேயே அடங்கிவிடுகின்றன!

நம் முன்னோர் இவற்றை எண்ணிப் பார்த்தவர்கள். மேதை இப்னு ஸீனா (980–1037) தம் ‘அல்கானூன்’ நூலில் உள்ளங்கைக்கு நான்கு எலும்புகளும், பெருவிரல் உட்பட விரலுக்கு மும்மூன்றாகப் பதினைந்தும் கூறினார். இன்றைய கணக்கு ஐந்தும் பதினான்கும். இரண்டிலும் கூட்டுத்தொகை பத்தொன்பதே. பெருவிரலின் அடியெலும்பை எதனோடு சேர்ப்பது என்பதே வேறுபாடு.

பக்தாதின் அப்துல் லத்தீஃப் (1162–1231) இன்னும் ஒருபடி மேலே சென்றார். எகிப்தைப் பெரும் பஞ்சம் வாட்டியபோது, அல்மக்ஸ் என்னுமிடத்தில் குவிந்துகிடந்த எலும்புகளை ஆராய்ந்தார். கீழ்த்தாடை ஈரெலும்பால் ஆனது என்ற கிரேக்க மேதை காலெனின் கூற்று பிழை, அது ஒரே எலும்பு என்று கண்டறிந்தார். ஆசான் எத்துணைப் பெரியவராயினும் கண்ணால் கண்டதே நம்பத்தக்கது என அவர் துணிந்து எழுதிவைத்தார்.

அக்கண்கள் பின்னாளில் நம்மிடம் எங்கே போயின? ‘ஸுலாமா’வின் இலக்கணத்தை மதரஸாவில் மாணவர்க்கு ஓதிக்கொடுத்த நாம், அந்த எலும்பு எங்கே இருக்கிறது என்று எம் கையையே விரித்துக் காட்டியதில்லை. தொழுநோயால் விரல் மடங்கியவரைக் கண்டால் காசை எறிந்துவிட்டு விலகி நடந்ததும் உண்டு. வெட்கத்தோடுதான் இதனை எழுதுகிறோம்.

அத்தகைய கைகளை அஞ்சாது பற்றியவர் ஒருவர் நம் நாட்டிலேயே இருந்தார். கொல்லிமலையில் பணியாற்றிய கிறித்தவப் போதகரின் மகனாக 1914-இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்றார். சிறிது காலத்தில் செங்கற்பட்டுத் தொழுநோய் இல்லத்தைக் காணச் சென்றபோது, மடங்கிய விரல்களையுடைய ஒருவரின் கையைப் பற்றி, இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். பிடி வலிக்குமளவு வலுவாயிருந்தது! கையினுள் சில தசைகளே செயலிழந்தன, முன்கைத் தசைகள் உயிரோடு உள்ளன என்று உணர்ந்தார். வலுவுள்ள தசையின் நாணை மாற்றி விரல்களோடு இணைத்து, மடங்கிய கையை விரியச் செய்தார்.

இன்னோர் உண்மையையும் அவர் நிலைநாட்டினார். நோயால் விரல்கள் தாமே அழுகி உதிர்வதில்லை. உணர்வு அற்றுப்போவதால் சூடும் வெட்டும் தெரிவதில்லை. உறங்கும்போது எலி கடித்தாலும் தெரிவதில்லை. கவனியாத புண்ணே எலும்பைத் தின்கிறது. வலி என்பது இறைவன் நமக்கு அமர்த்திய காவலன் என்பதை இதனால் அறிகிறோம்.

அவரிடம் பயின்ற டாக்டர் மேரி வர்கீஸ், 1954-இல் விபத்தொன்றில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவர். அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே பிறர் கைகளைச் சீர்செய்தார். தம் கால்களை இழந்தவர், தம் கைகளின் ஸுலாமாவுக்கு உரிய தருமத்தைச் செலுத்தினார் என்று சொல்வதில் தவறென்ன?

இது பழங்கதை என்று எண்ணிவிட வேண்டா. எம் பெருங்குடியில் அண்மையில் ஒரு ஜும்ஆ நாளில், நீரிழிவு நோயுள்ள பெரியவரொருவர் வெயிலில் காய்ந்த தரையில் வெறுங்காலோடு நடந்து வந்தார். அடிபாதம் கொப்புளித்துப் போயிருந்தது. அவருக்கோ தெரியவில்லை. ஒளு செய்யுமிடத்தில் அருகிலிருந்த சிறுவன்தான் பார்த்துச் சொன்னான். தொழுநோய்க்கு இன்று மருந்துண்டு. ஆனால் அதே உணர்வின்மை நீரிழிவின் வடிவில் நம் இல்லங்களில் குடிபுகுந்துள்ளது.

ஒளுவின்போது கை கால் விரல்களைக் கோதிக் கழுவுவது ஸுன்னத் அன்றோ? கழுவும்போது கண்ணாலும் பார்ப்போம். அடிபாதத்தை முதியோர் தாமே காணவியலாதெனின், பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும். வழியிலுள்ள முள்ளை அகற்றுவதும் தருமம் என்றார்கள் நாயகம் (ஸல்). பெற்றோரின் பாதத்தில் தைத்த முள்ளை அகற்றுவது அதனினும் உயர்ந்த தருமமன்றோ? வல்ல நாயன் நம் கண்களுக்கும் கைகளுக்கும் அந்த நற்பேற்றை அருள்வானாக. ஆமீன்.